கருத்துணர்தலில் வினா யாருக்கு உரியது?

தமிழ் எழுத்துமுறை குழந்தைக்குப் பேருதவி புரிகிறது. அதே வேளையில் ஆசிரியரை ஒரு மயக்கத்திலும் ஆழ்த்திவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளை அறிந்துகொண்ட குழந்தை, தான் முன்பின் கேட்டிராத சொல்லையும் பெரும்பாலும் பிழையின்றி ஒலித்துவிடும். ஒரே எழுத்துக்கூட்டம் இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிக்கும் ஆங்கிலத்தின் இடர்ப்பாடு தமிழில் மிகக் குறைவு. ஆகவே, தொடக்கப்பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடந்த மாணவன் பாடப் பகுதியைக் கணீரென்று படித்து முடிக்கிறான். கேட்டவர் மகிழ்கின்றனர். 'படித்ததை உன் சொல்லில் கூறு' என்றால், அவனே விழிக்கிறான்.

வாயால் படித்தல் வேறு, பொருள் கொள்ளுதல் வேறு என்பது புதிய செய்தி அன்று. எனினும் 1986-ஆம் ஆண்டில் கஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், செவிவழி மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே படித்துணரும் ஆற்றல் என்பது அவர்கள் கருத்து. கூட்டல் அன்று, பெருக்கல் என்பதைக் கருத வேண்டும். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே. தமிழ்க் குழந்தை முதல் எண்ணை எளிதில் பெற்றுவிடுகிறது. இரண்டாம் எண்ணை வளர்ப்பதற்குப் பள்ளி என்ன செய்கிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மலேசியாவில் இவ்வாராய்ச்சிக்குத் தனி இன்றியமையாமை உண்டு. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடிந்ததும் மலாய் வழியில் நடைபெறும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடமாக இருக்கலாம். சில இடங்களில் அதுவும் இராது. எனவே, தமிழின் வழியாக உலகைப் படித்தறியும் பழக்கத்தை அக்குழந்தைகள் பெறுவதற்கு அமைந்த காலம் அந்த ஆறு ஆண்டுகளே. அங்கே பொருளுணர்ந்து படிக்கப் பழகியவன், பிறமொழி நூலையும் அதே கண்கொண்டு நோக்குவான். பழகாதவனோ எம்மொழியிலும் எழுத்தை ஒலித்துக்கொண்டே இருப்பான்.

பொருளற்ற பத்தியும் முழு மதிப்பெண்ணும்

வகுப்பறைகளில் பெருவழக்காக உள்ள கருத்துணர்தற் பயிற்சியின் அமைப்பை ஆசிரியர் அனைவரும் அறிவர். மேலே ஒரு பத்தி. கீழே ஐந்து வினா. ஒவ்வொரு வினாவின் அடியிலும் ஒரு கோடு. அப்பயிற்சி எதனை அளக்கிறது என்பதை அறிய, பின்வரும் இரு வாக்கியங்களைக் காண்க.

'சிமுவன் தொறுமியைப் பெனுக்கில் பிறுவினான். அதனால் பெனுக்கு மெளுங்கிற்று.'

இவ்வாக்கியங்களில் உள்ள பெயரும் வினையும் எந்த அகராதியிலும் இல்லாதவை, எடுத்துக்காட்டுக்காகவே படைக்கப்பட்டவை. இனி வினாக்களைக் கேட்கலாம். சிமுவன் எதைப் பிறுவினான்? தொறுமியைப் பிறுவினான். எங்கே பிறுவினான்? பெனுக்கில் பிறுவினான். பெனுக்கு ஏன் மெளுங்கிற்று? சிமுவன் தொறுமியைப் பெனுக்கில் பிறுவியதால் மெளுங்கிற்று. மூன்று விடையும் சரி. திருத்துபவர் முழு மதிப்பெண் வழங்கியே தீர வேண்டும். விடை எழுதியவனுக்கோ சிமுவன் மனிதனா குரங்கா என்பதுகூடத் தெரியாது.

இது நிகழ்வது எங்ஙனம்? தமிழ் வேற்றுமை உருபுகளின் செழுமையே காரணம். 'எதை' என்னும் வினா இரண்டாம் வேற்றுமை உருபைத் தேடச் சொல்கிறது. 'எங்கே' என்பது 'இல்' உருபின் பக்கம் கையைக் காட்டுகிறது. 'ஏன்' என்றதும் 'அதனால்' என்னும் சொல் அகப்படுகிறது. வினாவிலுள்ள வினைச்சொல்லைப் பத்தியில் கண்டுபிடித்து, அதற்கு முன்னிருக்கும் சொல்லை எடுத்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. எட்டு வயதுக் குழந்தைகள் இந்த வித்தையைத் தாமாகவே கண்டுகொள்கின்றனர். அவர்களுடைய மதிநுட்பத்தைப் பாராட்டலாம். ஆனால் அதற்குக் கருத்துணர்தல் என்று பெயர் சூட்டுதல் தகாது.

மலேசியாவில் 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019-இல் இறுதியாக நடைபெற்று, 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுக்காக வளர்ந்த பழக்கம் போகவில்லை. எடுத்தெழுதும் வினாவே இன்றும் பயிற்சித் தாள்களில் தலைமை தாங்குகிறது. எடுத்தெழுதும் வினாவே கூடாது என்பதன்று இங்குக் கூறுவது. முதலாம் ஆண்டுக் குழந்தை, விடை பத்தியினுள் இருக்கிறது என்று அறிவதற்கு அத்தகைய வினா வேண்டும். ஆறாம் ஆண்டுவரை அதுவே தொடர்வதுதான் குற்றம்.

சோதித்தலும் கற்பித்தலும்

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. வினாவைக் கொடுத்து விடையைத் திருத்துவது சோதித்தல் ஆகும், கற்பித்தல் ஆகாது. நெல்லை ஒருமுறைக்குப் பத்துமுறை நிறுத்துப் பார்ப்பதனால் விளைச்சல் பெருகிவிடாது. அமெரிக்க நாட்டில் டோலோரஸ் டர்க்கின் என்னும் அம்மையார் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் நேரில் அமர்ந்து கண்டவற்றை 1978-79-இல் வெளியிட்டார். நான்காம் வகுப்புகளில் அவர் நோக்கிய வாசிப்புப் பாட நேரம் 4,469 நிமிடங்கள். அதில் பொருளுணரும் முறையை ஆசிரியர் உண்மையாகவே கற்பித்த நேரம் 20 நிமிடங்களே. எஞ்சிய நேரத்தில் வினா எழுப்பி விடை பெறுவதும், பயிற்சித் தாள் கொடுப்பதும், திருத்துவதும் பெரும்பங்கு கொண்டன. அது வேற்று நாட்டுக் கணக்கு. வேற்று மொழிக் கணக்கு. எனினும் கையில் கடிகாரத்தோடு தமிழ் வகுப்பு ஒன்றில் ஒரு வாரம் அமர்பவர், அதனினும் நிறைவான கணக்கைக் கொண்டுவருவாரா என்பதை ஆசிரியப் பெருமக்கள் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

சொல்லாமல் விட்டதைப் படித்தல்

பொருளுணர்தல் என்பது யாது? எழுதியவன் எழுதாமல் விட்டதைப் படிப்பவன் நிரப்பிக்கொள்வதே அது. தோட்டப்புற வாழ்வு பற்றிய ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்.

'விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா உளியைக் கையில் எடுத்தாள். வாசலில் நின்று மரங்களைப் பார்த்தாள். மீண்டும் அதைச் சுவரில் மாட்டினாள். மாதக் கடைசி. அவள் முகம் வாடியது.'

'அம்மா எதைக் கையில் எடுத்தாள்?' என்பது சிமுவன் வகை வினா. 'அம்மாவின் முகம் ஏன் வாடியது?' என்பதே உயிருள்ள வினா. அதற்கு விடை பத்தியில் எங்கும் இல்லை. மழையில் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட இயலாது, வெட்டினாலும் பால் வெட்டுக் கோட்டில் நில்லாமல் மரத்தின்மேல் வழிந்தோடும், மங்கில் சேராது. வெட்டு இல்லையேல் அன்றைய வரும்படி இல்லை. மாதக் கடைசியில் அக்குறை பெரிதாகத் தைக்கும். இத்தனையும் அறிந்த குழந்தைக்கு அவ்வரிகள் ஒரு கதை. அறியாத குழந்தைக்கு அவை மழை, உளி, மரம், முகம் என்னும் நான்கு தனிச் சொற்கள்.

பால்மரக் காட்டில் வளர்ந்த பிள்ளை இதனைச் சட்டென்று பற்றிக்கொள்வான். கோலாலம்பூர் வீடமைப்புப் பகுதியிலோ சிங்கப்பூர் அடுக்குமாடியிலோ வளரும் பிள்ளை திகைப்பான். உழவும் களத்துமேடும் வரும் பத்தியில் இருவருமே திகைப்பர். அதனால் எவரும் மந்தபுத்தியினர் ஆகிவிடார். ரெக்ட், லெஸ்லி என்னும் ஆய்வாளர்கள் 1988-இல் இதனைச் சோதித்துக் காட்டினர். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை அவர்கள் மாணவர்க்குக் கொடுத்தனர். நன்றாகப் படிக்கக்கூடியவராயினும் ஆட்டம் அறியாத மாணவரைக் காட்டிலும், படிப்பில் பின்தங்கியவராயினும் ஆட்டம் அறிந்த மாணவரே செய்தியை மிகுதியாக நினைவிற்கொண்டு கூறினர். பத்திக்குள் நுழையுமுன் அதன் உலகை அறிமுகம் செய்யும் ஐந்து நிமிடப் பேச்சு, பத்திக்குப் பின் வரும் பத்து வினாவினும் பயன் தரும் என்பது இதனால் பெறப்படும்.

அருஞ்சொற்பொருள் என்னும் பட்டியல்

இனிச் சொல்வளத்திற்கு வருவோம். பாடத்தின் முடிவில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் காணப்படும். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் இன்னொரு சொல். மாணாக்கர் அதனை எழுதி மனப்பாடம் செய்கின்றனர். இதற்குப் பழைய மரபு துணைநிற்கிறது என்று கூறுவாருமுண்டு. திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்தனர் என்பது உண்மையே. ஆனால் அந்நூலின் அமைப்பை ஊன்றி நோக்க வேண்டும். தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனத் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்கள் இனம் இனமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லைக் கற்பவன் அதன் சுற்றத்தையும் சேர்த்துக் கற்றான். அன்றியும் அது செய்யுள் நூல்களைக் கற்கப் புகுவோனுக்கு வழித்துணையாக அமைந்தது. இன்றைய பட்டியலில் சுற்றமும் இல்லை. அதற்குப் பின் அச்சொற்களைச் சந்திக்கும் நூலும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதுதல் முடிந்ததும் சொல்லும் விடைபெற்றுக்கொள்கிறது.

தொல்காப்பிய உரியியலின் தொடக்கத்திலும் இறுதிப் பகுதியிலும் சொற்பொருள் உணர்த்துதல் பற்றிக் கூறப்பட்டுள்ளவை இங்கு நினைத்தற்குரியவை. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தியே விளக்க வேண்டும் என்பது ஆசிரியர் தொல்காப்பியர் கொள்கை. ஒரு பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று கேட்டுக்கொண்டே சென்றால் அதற்கு எல்லை இராது என்றும் அவர் எச்சரிக்கிறார். உணர்த்த வல்லவன் உணர்த்தினால் பொருள் திரியாது என்றும், உணர்ச்சியின் வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் அவர் கூறுவன, இன்றைய பயிற்சிக் கல்லூரி வகுப்பிலும் முதற் பாடமாக வைக்கத்தக்கவை. 'வதனம் - முகம்' என்பது பயிலாததைப் பயின்றதோடு சார்த்துதல். 'முகம் - வதனம்' என்று எழுதிப்போடும் பட்டியலோ தெரிந்ததைத் தெரியாததாக்கும் வேலை.

எல்லாச் சொல்லையும் கற்பிக்க இயலாது, வேண்டுவதுமில்லை. ஐசபெல் பெக்கும் அவருடைய துணைவர் இருவரும் 2002-இல் எழுதிய நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பகுத்தனர். அப்பகுப்பைத் தமிழுக்குப் பொருத்திக் காணலாம். சோறு, நாய், ஓடு போன்றவை குழந்தை வீட்டிலேயே அறிந்தவை. ஒளிச்சேர்க்கை, நிலநடுக்கோடு போன்றவை அவ்வப் பாடத்தில் கற்பிக்கப்படுபவை. இவற்றுக்கு இடையில் தயங்கு, வற்புறுத்து, புறக்கணி, பொறுப்பு, விளைவு, மாறாக, இருப்பினும் என ஒரு பெருங்கூட்டம் உண்டு. கதையிலும் வரும்; செய்தித்தாளிலும் வரும்; அறிவியலிலும் வரும். வீட்டுப் பேச்சில் அருகியே வரும். ஆசிரியர் உழைப்பைச் செலுத்த வேண்டிய இடம் இந்த நடு அடுக்கே. அருஞ்சொற்பொருள் பட்டியலோ பெரும்பாலும் இதனைத் தாண்டிச் சென்று, குழந்தை மறுமுறை காணவே காணாத சொற்களைப் பொறுக்கி நிறுத்துகிறது.

மேற்காட்டிய பத்தியில் 'வாடியது' என்னும் ஒரு சொல்லே ஒரு பாடத்துக்குப் போதும். பறித்த கீரை வாடும். பசியில் வயிறு வாடும். ஏச்சு வாங்கிய பிள்ளையின் முகம் வாடும். இலையிலிருந்து முகத்துக்கு அச்சொல் ஏறிய வழியைக் குழந்தையே காணட்டும். பிறகு வாட்டம், முகவாட்டம், வாட்டு, வாட்டுதல் என அதன் சுற்றத்தைக் கூட்டலாம். 'நட' என்னும் அடியிலிருந்து நடை, நடப்பு, நடத்தை, நடத்துநர், நடைமுறை என்பவை கிளைப்பதை ஒருமுறை கண்ட குழந்தை, அடுத்த புதுச்சொல்லைத் தானே பிரித்துப் பார்க்கத் துணியும். அடியும் ஒட்டுமாக அமைந்த மொழி தமிழ்; அவ்வமைப்பைக் கையாளாத சொற்பாடம் வீட்டில் கிணறிருக்க ஆற்றுக்குக் குடம் சுமப்பது போன்றது.

பேச்சுவழக்கையும் பகையாக நினைத்தல் வேண்டா. 'ஒசந்த மரம்' என்பவனுக்கு 'உயர்ந்த' புதுச் சொல் அன்று. உடை மாற்றி வந்த பழைய நண்பன். இப்பாலத்தைக் காட்டாமல் 'அது தவறு' என்று அடக்கிவிட்டால், குழந்தை தன்னிடமுள்ள சொற்செல்வத்தையே இல்லையென்று எண்ணிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2005-இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டுமென்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழ் அதனால் தாழும் என்று அஞ்சியோர் உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் தொல்காப்பியர் நெறிக்கு அப்பரிந்துரை முரண்பட்டதன்று.

நன்னூல் காட்டும் வழி

இக்குறைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. பயிற்சித் தாளில் வினவுவது தாள்; விடுப்பது குழந்தை. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைக் கூறும்போது, கேட்டதைச் சிந்தித்தல், உடன் பயில்வோருடன் பழகுதல் ஆகியவற்றோடு வினாதலையும், பிறர் வினாயவற்றுக்கு விடுத்தலையும் சேர்த்து அவனுக்கே உரிமையாக்குகிறார். விடை மட்டுமன்று, வினாவும் மாணாக்கனுடையதே. அன்றியும், ஆசிரியர் உரைத்ததை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு அறிவே. உடன் கற்போரோடு பயில்வதனால் வருவது இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது எஞ்சிய அரைப்பங்கு என்று கணக்கும் கூறுகிறார்.

பாலின்சார், பிரவுன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கை நினைவூட்டுகிறது. நன்றாக ஒலித்துப் படித்தும் பொருள் கொள்ளாத மாணவரையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தியைப் படிப்பர். ஒரு மாணவர் ஆசிரியராவார். அவர் ஒரு வினா எழுப்புவார். பத்தியைச் சுருக்கிக் கூறுவார். விளங்காத இடத்தைச் சுட்டித் தெளிவு தேடுவார். அடுத்து என்ன வரும் என்று முன்னுரைப்பார். மறு பத்திக்கு இன்னொருவர் ஆசிரியராவார். தொடக்கத்தில் ஆசிரியர் தாமே செய்து காட்டுவார். பின் மெல்ல விலகுவார். ஏறத்தாழ நான்கு வாரப் பள்ளி நாட்களில் அம்மாணவரின் பொருளுணர்வு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. பவணந்தியார் கூறிய அரைப்பங்கை அவர்கள் வகுப்பறைக்குள் கொண்டுவந்தனர் எனலாம்.

நான்காம் ஆண்டு வகுப்பில் இதற்கு நாற்பது நிமிடம் போதும். முதலில் பத்தியின் உலகைப் பற்றிச் சிறிது பேச்சு. அடுத்து நடு அடுக்குச் சொல் இரண்டு. பிறகு ஆசிரியர் முதற் பத்தியை உரக்கப் படித்து, 'இங்கே எனக்கு விளங்கவில்லை; உளியை ஏன் திரும்ப மாட்டினாள்? மேலே மழை என்றிருக்கிறதே' என்று தம் எண்ண ஓட்டத்தை வாய்விட்டுச் சொல்லிக் காட்டல். பொருள் தேடும் மனம் எப்படி இயங்குகிறது என்பதைக் குழந்தை கண்ணால் காண இயலாது. காதால் கேட்கவாவது வேண்டும். பின்னர் நால்வர் நால்வராக மாணாக்கர் மறுபத்தியைத் தாமே நடத்துதல். ஒவ்வொரு குழுவும் ஒரு நல்ல வினாவை எழுதிப் பக்கத்துக் குழுவுக்குக் கொடுத்தல். எழுத்துப் பயிற்சி இறுதியில் வரட்டும். அப்போது அது அறுவடையாக இருக்கும்.

மறுப்பும் விடையும்

பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நேரம் இல்லை என்பது முதல் மறுப்பு. வாரம் ஐந்து பயிற்சித் தாள் தருபவர் மூன்றைக் குறைத்தால் நேரம் தானே பிறக்கும். திருத்தும் சுமையும் இறங்கும். தோட்டப்புறச் சிறு பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் வைத்து நடத்த நேர்கிறதே என்பது இரண்டாவது. மலேசியாவில் 150-க்குக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளி என்று வகுக்கப்படுகின்றன. தமிழ்ப்பள்ளிகளில் அத்தகையவை பல. ஆனால் கூட்டு வகுப்பே இம்முறைக்கு ஏற்ற களம். ஐந்தாம் ஆண்டு மாணவி நான்காம் ஆண்டுத் தம்பிக்கு ஒரு பத்தியை விளக்கும்போது, தம்பிக்குக் காற்பங்கு, அக்காளுக்கு அரைப்பங்கு. பெரிய பள்ளிகள் இவ்வாய்ப்பைத் தேடித்தான் பெற வேண்டும்.

குழந்தைகள் எழுப்பும் வினாக்கள் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமே என்பது மூன்றாவது மறுப்பு. தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். தாளில் கண்டு பழகிய 'எதை, எங்கே' வினாக்களையே அவர்களும் கேட்பர். சில கிழமைகளில் ஒரு குழந்தை 'அம்மா ஏன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை?' என்று கேட்கும். அவ்வினாவுக்கு ஆசிரியர் கைநூலில் விடை இராது. அந்த நாளில்தான் அவ்வகுப்பில் கருத்துணர்தற் பாடம் தொடங்குகிறது.

நாளைய பாடத்துக்கு ஒரு பயிற்சித் தாளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், பத்தியிலுள்ள பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் மாற்றிச் சிமுவனையும் தொறுமியையும் அங்கே வைத்துப் பார்க்கட்டும். அப்போதும் எந்த வினாவுக்கு விடை கிடைக்கிறதோ, அவ்வினாவின்மேல் ஒரு கோடு இழுத்துவிடலாம். அவ்விடத்தில் மாணாக்கன் தன் வினாவை எழுதட்டும்.